கருப்பு வெள்ளை முகப்படத் தொடர்: சேலத்திலும் ஏற்காட்டிலும் படமெடுப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

குகை, அம்மாப்பேட்டை நெசவாளர்கள், செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைக்காரர்கள், ஏற்காட்டுக் காப்பித் தோட்டத் தொழிலாளர்கள் என்று ஒரு தொழில் செய்பவர்களைக் கருப்பு வெள்ளையில் வரிசையாகப் படமெடுக்க நினைப்பவர்கள் நிறையப் பேர். பத்துப் படம் சேர்ந்ததும் அடுக்கிப் பார்ப்பார்கள். தனித்தனியாக எல்லாம் நன்றாக இருக்கும், பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒட்டாது. அப்போது எழும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான் என்பதால் அவற்றை இங்கே தொகுத்திருக்கிறோம். முதல் ஆறு கேள்விகளை வரிசையாகப் படியுங்கள், பின்னால் வருபவை அவற்றைச் சார்ந்தவை.

1. கருப்பு வெள்ளைதானே, எல்லாத்துக்கும் ஒரே ஃபில்டர் போட்டா ஒரே மாதிரி ஆயிடாதா?

ஆகாது. ஃபில்டர் தொடுவது சாம்பல் நிறங்களின் அளவை மட்டும்தான். ஒளி எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, எவ்வளவு மென்மையாக வந்தது, கேமரா எவ்வளவு தள்ளி எந்த உயரத்தில் இருந்தது, பின்னணி என்ன, கண்கள் சட்டத்தில் எங்கே விழுந்தன என்பவைதான் ஒரு படத்தை இன்னொன்றோடு சேர்க்கும். இதில் ஒன்றைக்கூட ஃபில்டரால் மாற்ற முடியாது.

முதல் ஆள் வந்து உட்காருவதற்கு முன்பே இவை அத்தனையையும் முடிவு செய்து ஒரு தாளில் எழுதிவிட வேண்டும். படத்துக்குப் படம் மாற வேண்டியது முகம் மட்டும். மற்றவை அசையாமல் நின்றால்தான் பார்ப்பவர் கண் முகத்துக்குப் போகும்.

2. சரி, எதையெல்லாம் மாத்தாம வெக்கணும்? அளவோட சொல்லுங்க.

தலையும் தோளும் மார்பும் தெரியும் செங்குத்துப் படத்துக்கு ஒரு நல்ல தொடக்கம் இது: பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃபிரேம் கேமராவில் 85 மி.மீ. லென்ஸ், அதைவிடச் சிறிய சென்சார் உள்ள கிராப் சென்சார் கேமராவில் 50 மி.மீ. லென்ஸ். கண்ணிலிருந்து கேமராவுக்கு 1.75 மீட்டர். லென்ஸின் திறப்பு எஃப் 5.6, ஷட்டர் 1/125 நொடி, ஒளி உணர்திறனைக் குறிக்கும் ஐ.எஸ்.ஓ. ஒளிக்கு ஏற்ப 400 முதல் 1600 வரை. உட்கார 45 செ.மீ. உயரமுள்ள, முதுகு சாய முடியாத ஸ்டூல். கேமரா எப்போதும் உட்கார்ந்திருப்பவரின் கண் மட்டத்தில், அதாவது ஆளுக்கு ஆள் டிரைபாடை ஏற்றி இறக்க வேண்டும். கண்கள் சட்டத்தின் மேலிருந்து மூன்றில் ஒரு பங்கில் விழட்டும். திரையில் கட்டக் கோடுகளைப் போட்டுக்கொண்டால் மேல் கோட்டில் கண்ணை வைத்தால் போதும்.

தூரத்தை அளக்க டேப் வேண்டாம். டிரைபாடின் தலையில் ஒரு சணல் கயிற்றைக் கட்டி, 1.75 மீட்டரில் முடிச்சுப் போடுங்கள். ஆள் உட்கார்ந்ததும் முடிச்சை அவர் நெற்றிப் பொட்டருகே பிடித்துப் பார்த்து, ஸ்டூலை நகர்த்திக்கொள்ளலாம். ஸ்டூலின் கால்களும் டிரைபாடின் கால்களும் நிற்கும் இடத்தைத் தரையில் சாக்பீஸால் குறித்துவிடுங்கள்.

எஃப் 1.8 லென்ஸ் கையில் இருந்தால் அதை முழுக்கத் திறந்து எடுக்க மனம் போகும். ஃபுல் ஃபிரேமில் 85 மி.மீ. லென்ஸை இந்தத் தூரத்தில் அப்படித் திறந்தால் தெளிவாக விழும் ஆழம் 5 செ.மீ.கூட இருக்காது. ஒரு படத்தில் கண் தெளிவாகவும் இன்னொன்றில் இமை தெளிவாகவும் இருக்கும். எஃப் 5.6இல் சுமார் 14 செ.மீ. கிடைக்கிறது. மூக்கு நுனியிலிருந்து காது வரை அது போதும். ஃபோகஸ் எப்போதும் கேமராவுக்கு அருகிலுள்ள கண்ணில்.

3. என்கிட்ட போன்தான் இருக்கு. ஆகாதா?

ஆகும், நான்கு நிபந்தனைகளோடு. சாதாரண லென்ஸில் கிட்டே போய் எடுத்தால் மூக்கு பெரிதாகி காது பின்னால் ஓடிவிடும். அதனால் 2எக்ஸ் அல்லது 3எக்ஸ் வைத்து, 2ஆம் கேள்வியில் சொன்ன தூரத்திலேயே நில்லுங்கள். பியூட்டி மோடை அணையுங்கள். போர்ட்ரெய்ட் மோடும் வேண்டாம். அது பின்னணியைக் கணக்குப் போட்டு மங்கலாக்கும்போது தலையில் வைத்த மல்லிகைச் சரத்தின் ஓரத்தை ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாக வெட்டும். நான்காவதாக, முகத்தில் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் வெளிச்ச அளவையும் பூட்டுங்கள்.

ஒளி குறைந்தால் பல போன்கள் 3எக்ஸ் லென்ஸை விட்டுவிட்டு, முதன்மை லென்ஸின் படத்தையே வெட்டிப் பெரிதாக்கிக் கொடுக்கும். திரையில் 3எக்ஸ் என்றுதான் காட்டும். ஒரு விரலால் 3எக்ஸ் லென்ஸை மறைத்துப் பாருங்கள். திரை இருட்டாகாவிட்டால் அந்த லென்ஸ் வேலை செய்யவில்லை, ஒளியைக் கூட்ட வேண்டும். பாதியைப் போனிலும் பாதியைக் கேமராவிலும் எடுத்து ஒரே தொடரில் வைக்காதீர்கள்.

4. வடக்குப் பார்த்த ஜன்னல்ல வெயிலே வராதுன்னாங்க. மே மாசம் எங்க வீட்ல காலையில நல்லா அடிக்குதே?

நீங்கள் பார்த்ததுதான் சரி. வடக்கு ஜன்னல் விதி ஐரோப்பா, அமெரிக்கா போன்ற வட நாடுகளில் பிறந்தது. அங்கே நடுப்பகல் சூரியன் ஆண்டு முழுவதும் தெற்கே நிற்கும். சேலம் ஏறத்தாழ 11.7 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. இங்கே சூரியன் நம் தலைக்கு மேலே வடக்கும் தெற்குமாகப் போய் வரும்.

கணக்கு இப்படி: செப்டம்பர் 23 முதல் மார்ச் 21 வரை சூரியன் நாள் முழுவதும் தெற்குப் பக்கம். அந்த ஆறு மாதமும் வடக்கு ஜன்னலில் நேர் வெயில் விழாது. ஏப்ரல் 21 வாக்கில் தொடங்கி ஆகஸ்ட் 21 வாக்கு வரை சூரியன் உதயம் முதல் அஸ்தமனம் வரை வடக்குப் பக்கமே இருக்கும். அந்த நான்கு மாதம் தெற்கு ஜன்னல்தான் உங்கள் ஜன்னல். நடுவில் இருக்கும் இரண்டு இடைவெளிகளில், அதாவது மார்ச் 21 – ஏப்ரல் 21, ஆகஸ்ட் 21 – செப்டம்பர் 23 நாட்களில், காலையும் மாலையும் வடக்கிலிருந்தும் நடுப்பகலில் தெற்கிலிருந்தும் வெயில் வரும். அப்போது எந்த ஜன்னலானாலும் ஒரு வெள்ளை வேட்டியை ஒற்றையாகக் கட்டிவிடுங்கள். ஒரு ஸ்டாப்புக்கு, அதாவது பாதிக்கு, மேல் வெளிச்சம் போகும், ஆனால் ஒளி சீராகும். சாயமோ கரையோ இல்லாத வேட்டியாக இருக்கட்டும், பழுப்பேறியது வேண்டாம்.

ஜன்னலை மாற்றினால் ஒளி வரும் பக்கம் மாறக்கூடாது. முதல் படத்தில் ஒளி இடப்பக்கமிருந்து வந்திருந்தால், தெற்கு ஜன்னலுக்குப் போகும்போது கேமராவையும் பின்னணித் துணியையும் சேர்த்துத் திருப்பி, ஒளி மீண்டும் இடப்பக்கமே வரும்படி அமையுங்கள். ஜன்னலுக்கும் முகத்துக்கும் ஒரு மீட்டர். இரண்டு மீட்டர் தள்ளினால் ஜன்னல் முகத்தின் கணக்கில் சிறியதாகிவிடும், நிழலின் ஓரம் கடினப்படும். எதிர்ப்பக்கக் கன்னம் மிகவும் இருண்டால் ஸ்டேஷனரிக் கடையில் கிடைக்கும் ஒரு மீட்டர் தெர்மோகோல் தட்டை அந்தப் பக்கம் அரை மீட்டர் தள்ளி நிறுத்துங்கள். அதன் இடத்துக்கும் தரையில் குறி வேண்டும்.

5. பின்னணிக்கு என்ன துணி? எவ்ளோ வேணும்?

நடுத்தரச் சாம்பல் நிறம் ஏற்றிய காடா துணி, பளபளப்பு இல்லாதது. மூன்று மீட்டர் நீளம், முடிந்தால் ஒன்றரை மீட்டருக்குக் குறையாத அகலம். வெளுக்காத காடாவை வாங்கிச் சாயப் பட்டறையில் கொடுத்தால், மொத்த நீளத்தையும் ஒரே தொட்டியில் முக்கச் சொல்லுங்கள். இரண்டு தடவையாகச் சாயம் போட்டால் நிறம் ஒத்துப் போகாது. மடித்து வைக்காமல் பி.வி.சி. குழாயில் சுருட்டி வையுங்கள். மடிப்புக் கோடு படத்தில் தோளுக்குப் பின்னால் வந்து நிற்கும், கணினியில் அதை அழிக்க அரை நாள் போகும்.

ஒரே சாம்பல் துணியைக் கருப்பாகவும் காட்டலாம், வெளிறியதாகவும் காட்டலாம். துணி ஜன்னல் ஒளியிலிருந்து தள்ளிப் போகப் போக இருளும். உட்கார்ந்தவரின் முதுகுக்கும் துணிக்கும் ஒன்றரை மீட்டர் என்று வைத்துக்கொண்டு, அதை மாற்றாதீர்கள். தொடரில் பின்னணி மாறி மாறித் தெரிவதற்கு முதல் காரணம் துணி அல்ல, இந்தத் தூரம்தான்.

பளிச்சென்ற வெள்ளைப் பின்னணி வேண்டுமானால் வெயிலுக்குப் போகாதீர்கள். ரிச்சர்ட் அவெடன் 1979 முதல் 1984 வரை அமெரிக்க மேற்குப் பகுதியில் எடுத்த முகப்படங்களில் வெள்ளைத் தாளைக் கட்டடத்தின் நிழல் பக்கத்தில் தொங்கவிட்டுத்தான் வேலை செய்தார். நிழலில் முகமும் தாளும் ஒரே ஒளியில் இருக்கும், மூக்கு நிழல் கன்னத்தில் கோடு போடாது.

6. ஆட்டோவில விட்டா ஒருத்தர் வெளுத்து வர்றார், ஒருத்தர் கருத்து வர்றார். ஏன்?

கேமரா எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். வெள்ளை வேட்டி சட்டைக்காரர் வந்தால் வெளிச்சத்தைக் குறைக்கும், முகம் கருத்துப் போகும். அடுத்தவர் அடர் நீலப் புடவையில் வந்தால் வெளிச்சத்தைக் கூட்டும், முகம் வெளுக்கும். ஆளுக்கு ஆள் உடை மாறும்போது முகமும் மாறுவது இதனால்தான்.

தீர்வு: மேனுவல் மோட், கூடவே 18 சதவீதச் சாம்பல் அட்டை, அதாவது விழும் ஒளியில் 18 சதவீதத்தைத் திருப்பும் அட்டை. ஒவ்வொருவரையும் கன்னத்தருகே அந்த அட்டையைப் பிடிக்கச் சொல்லி, அட்டையை மட்டும் அளந்து அளவை முடிவு செய்யுங்கள். அட்டையோடு ஒரு படமும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், திருத்தும்போது உதவும். மேகம் வந்து ஒளி மாறினால் ஷட்டரையோ ஐ.எஸ்.ஓ.வையோ மாற்றுங்கள், எஃப் எண்ணைத் தொடாதீர்கள். ஒளியின் நிறச் சாயலைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸையும் ஆட்டோவிலிருந்து எடுத்து ஒரே அளவில் நிறுத்துங்கள். கருப்பு வெள்ளைக்கு அது எதற்கு என்பதன் பதில் 8ஆம் கேள்வியில்.

7. கருப்பா இருக்கறவங்க, 'என்னக் கொஞ்சம் செவப்பாக் காட்டு கண்ணு'ங்கறாங்க. செய்யலாமா?

வேண்டாம். ஒரு தொடரில் எல்லோர் தோலையும் ஒரே சாம்பலுக்குக் கொண்டுவந்தால் நீங்கள் ஒரே மாதிரியாக்கியது படங்களை அல்ல, ஆட்களை. 6ஆம் கேள்வியில் சொன்னபடி அட்டையை அளந்து எடுத்தால் இருவர் தோலுக்கும் இருக்கும் உண்மையான வேறுபாடு, ஒரு ஸ்டாப்போ இரண்டோ, அப்படியே பதிவாகும். அது இருக்க வேண்டும்.

அவர்கள் கேட்பதற்குப் பின்னால் ஒரு நியாயமும் உண்டு. மோசமான கருப்பு வெள்ளைப் படத்தில் கருத்த முகம் விவரமில்லாத இருட்டாக விழுந்திருப்பதை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். அதற்கு வெளுப்பாக்குவது மருந்தல்ல. கருத்த தோலின் வடிவத்தைக் காட்டுவது அதில் விழும் பளபளப்பு. பெரிய ஜன்னல் ஒளி கன்ன எலும்பிலும் நெற்றியிலும் மூக்குத் தண்டிலும் மென்மையாக மின்னினால் முகம் செதுக்கினாற்போல எழும். தெர்மோகோல் தட்டைப் பத்து செ.மீ. கிட்டே கொண்டுவரலாம். பின்னணி தலைமுடியைவிட ஒரு படியாவது வெளிறியிருந்தால் தலையின் விளிம்பு தொலையாது. இப்படி எடுத்த படத்தைக் கேமரா திரையில் பெரிதாக்கிக் காட்டுங்கள். வெளுப்பாக்கச் சொன்னவர் பெரும்பாலும் அதன் பிறகு கேட்க மாட்டார்.

8. நெத்தியில பளிச்சுனு இருந்த குங்குமம் படத்துல காணாமப் போயிடுச்சு. எப்படி?

கலர் படத்தைக் கருப்பு வெள்ளையாக மாற்றும்போது சிவப்பு வழியை, அதாவது ரெட் சேனலை, கூட்டியிருப்பீர்கள். தோல் மிருதுவாகத் தெரிய வேண்டும் என்று பலரும் அதைச் செய்வார்கள். நம் தோல் பழுப்பும் ஆரஞ்சும் கலந்தது என்பதால் அதுவும் வெளுக்கும், குங்குமமும் சேர்ந்து வெளுக்கும், இரண்டும் ஒரே சாம்பலாகி பொட்டு மறையும். வெற்றிலை போட்ட உதடும் அப்படியே. மாறாக நீலத்தைக் கூட்டிச் சிவப்பைக் குறைத்தால் குங்குமம் கரி போலாகும், தோலின் ஒவ்வொரு புள்ளியும் தழும்பும் கூர்மையாக எழும், மஞ்சள் பூசிய முகம் அழுக்குப் படிந்ததுபோல் ஆகிவிடும்.

வழக்கமான மாற்றத்தில் சிவப்புக்கு 30, பச்சைக்கு 59, நீலத்துக்கு 11 என்ற விகிதம் இருக்கும். நமக்கு அது நல்ல தொடக்கம். பொட்டு தெளிவாக நிற்கும், தோலும் இயல்பாக இருக்கும். எதை வைத்தாலும் முதல் ஐந்து படங்களில் சோதித்து ஒன்றை முடிவு செய்து, தொடர் முழுக்க அதையே வையுங்கள். ஒயிட் பேலன்ஸ் படத்துக்குப் படம் மாறினால் இந்த மூன்று வழிகளிலும் போகும் ஒளியின் அளவு மாறும். அதே விகிதம் வேறு சாம்பலைத் தரும். 6இல் அதைப் பூட்டச் சொன்னது இதற்குத்தான்.

இன்னொன்று: சிவப்புப் புடவையில் பச்சைக் கரை கண்ணுக்கு எடுப்பாகத் தெரியும், கருப்பு வெள்ளையில் இரண்டும் ஒரே சாம்பலாகிவிடக்கூடும். இளம்பிள்ளைச் சேலையின் கரை தெரிய வேண்டும் என்றால், நிறம் எதுவானாலும் ஒன்று வெளிறியதும் மற்றது அடர்ந்ததுமாகத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். கேமராவில் மோனோகுரோம் வைத்து, கோப்பை, சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா வடிவில் சேமித்தால் திரையில் கருப்பு வெள்ளையில் பார்க்கலாம், கோப்பில் நிறம் பத்திரமாக இருக்கும்.

9. போட்டோன்னதும் பவுடர் பூசிட்டு வந்துடறாங்க. என்ன பண்ண?

முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறமாக வரும். அதைத் திருத்தவே முடியாது. முந்தின நாளே, "முகம் கழுவித் தொடச்சிட்டு வாங்க, பவுடர் வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள். எண்ணெய் வழிந்தால் பருத்தித் துண்டால் ஒற்றி எடுத்தால் போதும், முழுக்கத் துடைத்தால் 7இல் சொன்ன மின்னல் போய்விடும். திருநீறு பூசுபவர்கள் வழக்கம்போல் பூசட்டும்.

10. விசைத்தறிக் கூடத்துக்குள்ளயே எடுக்கணும். டியூப் லைட்ல படம் கோடு கோடா வருது.

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் டியூப் லைட்டும் மலிவான எல்.இ.டி.யும் நொடிக்கு 100 முறை ஏறி இறங்கும். ஷட்டர் அதைவிட வேகமாக இருந்தால் ஒரு படத்தில் ஏற்றமும் இன்னொன்றில் இறக்கமும் மாட்டும், பட்டைகளும் விழும். 1/100 அல்லது 1/50இல் வையுங்கள். எலக்ட்ரானிக் ஷட்டரைத் தவிருங்கள்.

இருந்தாலும் கூடத்தின் நடுவில் எடுக்காமல் வாசலுக்கு வருவது நல்லது. கதவு நிலையிலிருந்து இரண்டு அடி உள்ளே ஸ்டூலைப் போட்டு, ஆளைப் பக்கவாட்டில் உட்காரவைத்தால் அந்த வாசல்தான் உங்கள் ஜன்னல். நேர் வெயில் விழாத நேரமாகப் பாருங்கள். ஆளின் தலைக்கு மேலுள்ள டியூபை மட்டும் அணைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் கண்குழியில் நிழல் விழும். தறி ஓடும்போது பேச்சு கேட்காது, எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதற்குக் கைச் சைகையை முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். பஞ்சு பறக்கும் இடத்தில் லென்ஸைக் கழற்றாதீர்கள்.

11. ஜவ்வரிசி ஆலைல எடுத்த மூஞ்சி மட்டும் பேய் மாதிரி வருது.

ஜவ்வரிசி காயும் களம் முழுக்க வெள்ளை. வெயில் அதில் பட்டுக் கீழிருந்து முகத்துக்கு ஏறும், தாடைக்கும் மூக்குக்கும் அடியில் ஒளி விழும். ஆளைக் களத்துக்கு முதுகு காட்டி உட்காரவைத்தாலோ, முன்னால் தரையில் ஒரு கருப்புத் துணியை விரித்தாலோ சரியாகும். நிழலுள்ள சுவரோரம் கிடைத்தால் அதுவே மேல்.

12. ஏற்காட்டுல எடுத்தது மட்டும் தனியா மங்கலாத் தெரியுது. பனியாலயா?

பாதி பனி, பாதி மரம். ஏற்காடு சுமார் 1500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பனி மூட்டம் பத்து நிமிடத்தில் வரும், போகும். வரும்போது ஒளி குறைந்து நிழலே இல்லாமல் தட்டையாகும். அந்த நேரத்தில் ஒளி எல்லாப் பக்கமிருந்தும் வருவதால், சமவெளியில் ஜன்னலோரம் எடுத்த படங்களோடு சேராது. நிழல் வேண்டிய பக்கத்தில் ஒரு கருப்புச் சார்ட்டை முகத்துக்கு அரை மீட்டரில் நிறுத்துங்கள். தெர்மோகோல் ஒளியைத் திருப்பி அனுப்புவதற்கு எதிராக இது ஒளியைத் தின்னும், கன்னத்தில் நிழல் திரும்பி வரும்.

காப்பிச் செடிகளுக்கு மேலே சில்வர் ஓக் நிழல். அதன் கீழே இலைகளில் பட்டு வரும் பச்சை ஒளி தோலில் படியும், 8இல் சொன்ன விகிதம் அங்கே பொருந்தாமல் தோல் களிமண்போலாகும். இலைகளுக்கு இடையே புகும் வெயில் முகத்தில் காசு காசாக விழும். தோட்டத்துக்குள் எடுக்காமல் வீட்டுத் திண்ணைக்கோ காப்பி காயவைக்கும் களத்தின் நிழல் ஓரத்துக்கோ அழைத்து வாருங்கள், சாம்பல் அட்டையை வைத்து ஒயிட் பேலன்ஸை அங்கேயே புதிதாக அளந்துகொள்ளுங்கள். அறுவடைக் காலத்தில் பகலில் யாரையும் நிறுத்தாதீர்கள். பறித்த பழத்துக்கு எடை போட்டுத்தான் கூலி. எடை முடிந்த பிறகு கேளுங்கள்.

மலையிலிருந்து இறங்கும்போது கேமரா குளிர்ந்திருக்கும். 20 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து அடிவாரத்துக்கு வந்ததும் பையைத் திறந்தால் வெதுவெதுப்பான ஈரக் காற்று லென்ஸில் படிந்து முத்தாக நிற்கும். அரை மணி நேரம் பையை மூடியே வையுங்கள். உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம் இருக்கட்டும்.

13. கண்ணாடி போட்டவங்களுக்கு கண்ணே தெரியல, ஜன்னல்தான் தெரியுது.

கண்ணாடியின் காதுப் பகுதியை அரை அங்குலம் மேலே தூக்கி வைத்தால் கண்ணாடிச் சில்லு கீழ்நோக்கிச் சாயும், பிரதிபலிப்பு நகரும். போதாவிட்டால் முகத்தை ஜன்னலிலிருந்து சற்றே திருப்புங்கள். கண்ணாடியைக் கழற்றச் சொல்ல வேண்டாம். எந்நேரமும் அணிபவரின் மூக்கில் அதன் தடம் தெரியும்.

14. சிரிக்கச் சொல்லலாமா, முறைப்பா இருக்கச் சொல்லலாமா?

எதுவானாலும் தொடர் முழுக்க ஒன்று. வாய் மூடி, கண் லென்ஸைப் பார்த்து, தோள் ஜன்னல் பக்கம் சற்றுத் திரும்பி என்பது பெரும்பாலும் தோற்காது. சிரிப்பைக் கேட்டால் சிலர் உண்மையாகச் சிரிப்பார்கள், சிலர் பல்லைக் காட்டுவார்கள், தொடர் இரண்டாகப் பிளக்கும்.

"அசையாதீங்க" என்று சொன்னால் மூச்சையும் பிடித்துக்கொள்வார்கள், கழுத்து நரம்பு புடைத்து நிற்கும். "அக்கா, மூச்ச விட்டுட்டு அப்படியே என்னப் பாருங்க" என்று சொல்லி, மூச்சு வெளியேறி முடியும் நொடியில் அழுத்துங்கள். முதல் பத்து படங்கள் பழகுவதற்கு. ஆளுக்கு இருபது முப்பது எடுத்தால் நல்லது ஒன்று தேறும். கை தெரிய வேண்டும் என்று முடிவு செய்தால் எல்லோருக்கும் தெரியட்டும். கொலுசு வேலை செய்பவர் கையில் கொலுசு இருந்தால் வெள்ளியில் விழும் சிறு மின்னல்கள் வெளுத்துப் போகலாம், அதைக் காப்பாற்றப் போய் முகத்தை இருட்டாக்க வேண்டாம்.

15. எடுக்கறதுக்கு எழுதி வாங்கணுமா?

வாங்குங்கள், தமிழில், நான்கு வரியில்: படம் எதற்கு, எங்கே காட்டப்படும், பெயர் போடலாமா, வேண்டாம் என்று பின்னால் சொன்னால் எடுத்துவிடுவோம். படிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டுங்கள். பதினெட்டு வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோர் கையெழுத்து. காப்பித் தோட்டமும் பட்டறையும் தனியார் இடம், உரிமையாளரிடமும் கேட்க வேண்டும். ஆனால் அவர் சம்மதம் தொழிலாளியின் சம்மதம் ஆகாது. ஒவ்வொருவருக்கும் ஒரு பிரிண்ட் கொண்டுபோய்க் கொடுங்கள். சேர்வராயன் மலைக் கிராமங்களில் வெளியிலிருந்து வந்து படமெடுத்துப் போனவர்கள் திரும்பி வருவதில்லை என்ற மனக்குறை நியாயமானது.

16. ஃபிலிம்ல எடுத்தா தானா ஒரே மாதிரி வருமா?

ஃபிலிம் வகை ஒன்றாக இருப்பது ஒரு நன்மை. ஆனால் கழுவுவதில் எல்லாம் கெடலாம். எடுத்துக்காட்டாக, இல்ஃபோர்டு எச்.பி.5 பிளஸ் ஃபிலிமை 400 வேகத்தில் எடுத்து, டி-76 டெவலப்பரை ஒன்றுக்கு ஒன்று தண்ணீர் கலந்து கழுவினால் 20 டிகிரி செல்சியஸில் 11 நிமிடம். சேலத்தில் சித்திரையில் மாடித் தொட்டித் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டும். அந்தச் சூட்டில் அதே 11 நிமிடம் என்றால் நெகட்டிவ் அடர்ந்துவிடும். அகலமான பாத்திரத்தில் ஐஸ் தண்ணீர் வைத்து, அதில் ரசாயனப் பாட்டில்களையும் கழுவும் தண்ணீரையும் 20 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். ஒரு கரைசலிலிருந்து அடுத்ததுக்கு இரண்டு மூன்று டிகிரிக்கு மேல் வேறுபாடு வேண்டாம். கலந்த டெவலப்பரை ஒருமுறை பயன்படுத்திக் கொட்டிவிடுங்கள்.

17. கம்ப்யூட்டர்ல எந்த வரிசையில திருத்தணும்?

தொடரில் நடுத்தரமான ஒரு படத்தை, மிக வெளிச்சமும் மிக இருட்டும் இல்லாத ஒன்றை, முதலில் முழுதாகத் திருத்துங்கள். அதுதான் அளவுகோல். அதன் அமைப்பை மற்ற எல்லாவற்றுக்கும் நகலெடுத்து ஒட்டுங்கள். படம் திருத்தும் மென்பொருள்களான லைட்ரூமிலும், காசில்லாமல் கிடைக்கும் டார்க்டேபிள், ரா தெரபி இரண்டிலும் இதற்கு வழி உண்டு.

பிறகு ஒவ்வொன்றிலும் பின்னணித் துணியின் ஒரே இடத்தில், ஒளி படாத பக்கத் தோளுக்கு ஒரு சாண் மேலே, சுட்டியை வைத்து எண்ணைப் பாருங்கள். 0 முழுக் கருப்பு, 255 முழு வெள்ளை என்ற கணக்கில் அளவுகோல் படத்தில் 60 என்றால் மற்றவற்றிலும் 55க்கும் 65க்கும் இடையில் வரும்படி எக்ஸ்போஷரை மட்டும் நகர்த்துங்கள். துணியைச் சமன் செய்ய வேண்டும், தோலை அல்ல. காரணம் 7இல் இருக்கிறது. துணி சரியாகி முகம் மட்டும் பொருந்தவில்லை என்றால் எடுக்கும்போது தூரம் மாறியிருக்கிறது, அதை ஸ்லைடரால் மூடி மறைக்காமல் மறுபடி எடுப்பது நல்லது. கிளாரிட்டி, செயற்கை கிரெயின், ஓர இருட்டு மூன்றையும் படத்துக்குப் படம் வேறாகப் போடுவதுதான் தொடரைக் கெடுக்கும் பழக்கம்.

18. லேப்ல கொடுத்தா ஒண்ணு பச்சையா, ஒண்ணு ரோஸா வருது.

பெரும்பாலான லேப்கள் கருப்பு வெள்ளையையும் கலர் பேப்பரில்தான் அடிக்கின்றன. மூன்று நிறம் சேர்ந்து சாம்பலாக வேண்டும், மெஷின் சற்றே விலகினாலும் சாயல் ஏறும். அதைவிடப் பெரிய தொல்லை, மெஷினில் ஆள் ஒவ்வொரு படத்துக்கும் போடும் கரெக்‌ஷன். நீங்கள் 17இல் உழைத்துச் சமன் செய்தது அங்கே கலைந்துவிடும். "கரெக்‌ஷன் எதுவும் போடாதீங்கண்ணா, அப்படியே அடிங்க" என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

முதலில் உங்கள் தொடரில் மிக வெளிறியது, நடுத்தரம், மிக அடர்ந்தது என்று மூன்றை மட்டும் 4 x 6 அளவில் அடித்துப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். சரியென்றால் மொத்தத்தையும் ஒரே நாளில், ஒரே மெஷினில், ஒரே பேப்பரில் அடியுங்கள். கோப்பு கிரேஸ்கேலில் வேண்டாம், எஸ்.ஆர்.ஜி.பி. என்ற நிற அமைப்பில் ஜேபெக்காக இருக்கட்டும். 12 x 18 அங்குலத்துக்கு 300 டி.பி.ஐ. என்றால் 3600 x 5400 புள்ளி. 200 டி.பி.ஐ.யிலும் சுவரில் மாட்டிப் பார்க்க நன்றாகவே இருக்கும். கண்காட்சிக்கு என்றால் சாம்பல் மையும் உள்ள பிக்மென்ட் இங்க்ஜெட்டில், மேட் பேப்பரில் அடிப்பதற்கு ஈடில்லை.

19. ஒரு படம் எல்லாத்தையும் விட அருமையா இருக்கு, ஆனா சேரல. என்ன செய்ய?

எடுத்துவிடுங்கள். அதைத் தனிப்படமாக வையுங்கள். சேராத ஒன்று இருந்தால் பார்ப்பவர் அதைப் பற்றி மட்டுமே கேட்பார். முப்பது பேரை எடுத்துப் பதினைந்தைத் தேர்ந்தெடுத்தால் தொடர் உறுதியாக இருக்கும். தேர்வைத் திரையில் செய்யாமல் சிறிய பிரிண்டுகளைத் தரையில் பரப்பிச் செய்யுங்கள். நின்றபடி பார்க்கும்போது தலை பெரிதாக இருப்பதும் கண் மட்டம் இறங்கியிருப்பதும் உடனே தெரியும்.

20. நடுவுல ஆறு மாசம் விட்டுட்டேன். அதே தொடர மறுபடி தொடங்க முடியுமா?

முடியும், எழுதி வைத்திருந்தால். லென்ஸ், தூரம், கேமரா உயரம், எஃப் எண், ஒயிட் பேலன்ஸ், ஜன்னலிலிருந்து முகம், முகத்திலிருந்து தெர்மோகோல், முதுகிலிருந்து துணி, நிறங்களின் விகிதம் ஆகிய ஒன்பதும் தாளில் இருக்க வேண்டும். அமைத்து முடித்ததும் அறையின் மூலையிலிருந்து மொத்த அமைப்பையும் போனில் ஒரு படம் எடுத்து வைப்பது எழுதியதைவிட உதவும். மார்கழியில் வடக்கு ஜன்னலில் எடுத்தவர் ஆனியில் திரும்பி வந்தால் 4ஆம் கேள்வியின் கணக்குப்படி தெற்கு ஜன்னலுக்கு மாற வேண்டியிருக்கும்.

புதியவர்களை எடுப்பதற்கு முன், பழைய தொடரில் இருக்கும் ஒருவரைக் கூப்பிட்டு அதே இடத்தில் உட்காரவைத்து ஒரு படம் எடுங்கள். பழைய படத்தையும் புதியதையும் அருகருகே வைத்து, மூக்கின் நிழல் கன்னத்தில் எங்கே முடிகிறது, கண்ணில் ஜன்னல் எந்த மணிப் பக்கம் மின்னுகிறது, துணியின் எண் என்ன என்று மூன்றையும் ஒப்பிடுங்கள். மூன்றும் ஒத்துவரும் வரை ஸ்டூலையும் தெர்மோகோலையும் நகர்த்திப் பாருங்கள். ஒத்துவந்ததும் புது சாக்பீஸ் குறி போட்டுவிட்டு அடுத்தவரை அழைக்கலாம்.